இருப்புப் பாதையின் மறைந்த குறைகள்: கண்டறிதலும் களைதலும்

ஒரு நாட்டின் பொதுச் சொத்துகளில் கண்ணுக்குப் புலனாகும் பகுதியைவிடப் புலனாகாத பகுதியே பெரிது. பாலத்தின் கான்கிரீட்டுக்குள் புதைந்துள்ள கம்பிகள், சாலைக்கு அடியில் செல்லும் குடிநீர்க் குழாய்கள், அணையின் உட்பகுதி, இருப்புப் பாதையின் உருக்கு ஆகிய யாவும் புறத்தே செம்மையாகத் தோன்றும்போதே அகத்தே தளர்ச்சியுறக் கூடியவை. இத்தகைய மறைந்த குறைகளைக் கண்டறியச் செயற்கை நுண்ணறிவு என்னும் புதிய கருவி இன்று முன்வைக்கப்படுகிறது. இக்கருவி எவ்வளவு பயன் தரும், அப்பயன் எவற்றைப் பொறுத்தது என்பதை ஆராய இருப்புப் பாதை தக்க எடுத்துக்காட்டாகும். இந்திய ரயில்வே சுமார் 69,000 கிலோமீட்டர் வழித்தட நீளம் கொண்டது. இரட்டைப் பாதைகளையும் நிலையப் பாதைகளையும் சேர்த்தால், பேணப்பட வேண்டிய தட நீளம் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் மிகுதியாகும்.

1998ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் அதிகாலையில், பஞ்சாப் மாநிலத்தின் கன்னா நகருக்கு அருகே, பிரான்டியர் மெயில் என நெடுங்காலம் வழங்கிவந்த கோல்டன் டெம்பிள் மெயில் தடம் புரண்டது. அதன் பெட்டிகள் பக்கத்துத் தடத்தின் மீது கிடந்த நிலையில், எதிரே வந்த ஜம்முதாவி–சியால்டா எக்ஸ்பிரஸ் அவற்றின் மீது மோதியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தண்டவாள முறிவே தடம் புரளலுக்குக் காரணம் என்பது விசாரணையில் தெரியவந்தது. ஒரு சிறு குறை உரிய காலத்தில் களையப்படாவிடில் அதன் விலை எத்தகையது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

குறை பிறக்கும் இடங்கள்

தண்டவாளத்தின் குறைகள் மூன்று வழிகளில் தோன்றுகின்றன. முதலாவது, உருக்காலையிலேயே தோன்றுவது. உருகிய நிலையில் எஃகில் கரைந்திருக்கும் ஹைட்ரஜன் வாயு முழுமையாக வெளியேற்றப்படாவிடில், எஃகு குளிரும்போது உள்ளே நுண்ணிய வெடிப்புகள் உண்டாகின்றன. இதனைத் தவிர்க்கவே வெற்றிடத்தில் வாயு நீக்கும் முறை உருக்காலைகளில் கையாளப்படுகிறது.

இரண்டாவது, பற்றவைப்பில் தோன்றுவது. பாதையில் இடப்படும் தண்டவாளங்கள் பொதுவாக 260 மீட்டர் நீளமுள்ள தொகுதிகளாக ஆயத்தம் செய்யப்படுகின்றன. பின்னர் அவை பாதையிலேயே அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் கலந்த வெப்ப வினையின் உதவியால் ஒன்றோடொன்று பற்றவைக்கப்படுகின்றன. திறந்த வெளியில், ரயில்களுக்கிடையே கிடைக்கும் குறுகிய நேரத்தில், மழையிலும் வெயிலிலும் செய்யப்படும் வேலை இது. ஆகவே ஆலையில் செய்யப்படும் பற்றவைப்பின் சீர்மையை இதில் எதிர்பார்ப்பதற்கில்லை.

மூன்றாவது, பயன்பாட்டினால் தோன்றுவது. ஒவ்வொரு சக்கரமும் கடக்கும்போது தண்டவாளம் சிறிதளவு வளைந்து நிமிர்கிறது. இலட்சக்கணக்கான முறை இவ்வாறு நிகழும்போது எஃகு களைப்புறுகிறது. மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று தலைப்பகுதியில் தோன்றி, மாதங்கள் பல மெல்ல வளர்ந்து, ஓர் எல்லையைக் கடந்ததும் ஒரே நொடியில் முறிவாக மாறுகிறது.

இதனுடன் வெப்ப நிலையும் சேர்கிறது. நீண்ட பற்றவைப்புத் தண்டவாளம் சுருங்கவோ விரியவோ இயலாதவாறு ஸ்லீப்பர் கட்டைகளோடு இறுகப் பிணைக்கப்பட்டுள்ளது. எனவே குளிர்காலத்தில் அது சுருங்குவதற்கு மாறாக, இழுவிசைக்கு உள்ளாகிறது. மீட்டருக்கு 60 கிலோகிராம் எடையுள்ள தண்டவாளத்தில், வெப்பநிலை ஒரு செல்சியஸ் பாகை குறைந்தால் ஏறத்தாழ 1.9 டன் இழுவிசை உண்டாகும். தண்டவாளம் பிணைக்கப்பட்ட வெப்பநிலையைவிட 30 பாகை குறைவாக உள்ள இரவில் இவ்விசை சுமார் 57 டன் ஆகும். கோடையில் தீங்கின்றிக் கிடந்த வெடிப்பு, வட இந்தியக் குளிர்கால இரவுகளில் முறிவாவது இதனாலேயே. குளிர்காலத்தில் இரவு ரோந்து வலுப்படுத்தப்படுவதற்கும் இதுவே காரணம்.

ஒலியைக் கொண்டு தேடுதல்

மறைந்த குறை என்னும் கருத்தே ஒரு விபத்தின் வழியாகத்தான் பொறியியல் உலகில் வேரூன்றியது. 1911ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து மான்செஸ்டர் என்னும் ஊரருகே பயணி ரயில் ஒன்று தடம் புரண்டு 29 பேர் இறந்தனர். முறிந்த தண்டவாளத்தை ஆய்ந்தபோது, புறத்தே எவ்வித அறிகுறியும் காட்டாத குறுக்கு வெடிப்பு தலைப்பகுதிக்குள் வளர்ந்திருந்தது தெரிந்தது. கண்ணால் பார்ப்பதும் சுத்தியால் தட்டிக் கேட்பதும் போதா என்பது அப்போது உறுதியாயிற்று. இதன் தொடர்ச்சியாக, எல்மர் ஸ்பெரி உருவாக்கிய ஆய்வு வண்டி 1928இல் செயற்பாட்டுக்கு வந்தது. தண்டவாளத்தில் மின்சாரத்தைச் செலுத்தி, காந்தப் புலத்தில் தோன்றும் மாறுதலைக் கொண்டு குறையை அறிவது அதன் முறையாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மீயொலி முறை பரவலாயிற்று. இன்று உலகெங்கும் இதுவே முதன்மையான முறையாக உள்ளது.

மீயொலி முறையின் அடிப்படை எளிது. மனிதச் செவிக்கு எட்டாத மிகு அதிர்வெண் கொண்ட ஒலி, படிகம் ஒன்றின் மூலம் தண்டவாளத்துக்குள் செலுத்தப்படுகிறது. எஃகில் இவ்வொலி நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் வேகத்தில் செல்லும். 172 மில்லிமீட்டர் உயரமுள்ள தண்டவாளத்தின் அடிவரை சென்று அது திரும்ப ஏறத்தாழ 58 மைக்ரோ வினாடி ஆகும். இடையில் 30 மில்லிமீட்டர் ஆழத்தில் கிடைமட்டமாக வெடிப்பு ஒன்றிருப்பின், எதிரொலி சுமார் 10 மைக்ரோ வினாடியிலேயே வந்துவிடும். எதிரொலி வந்த நேரம் குறையின் ஆழத்தைக் காட்டுகிறது; அதன் வலிமை குறையின் பரப்பை ஓரளவு உணர்த்துகிறது.

குறுக்கு வெடிப்புகள் பெரும்பாலும் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 20 பாகை சாய்ந்திருப்பதால், நேராகக் கீழ்நோக்கிச் செல்லும் ஒலி அவற்றைத் தவறவிடும். அதனால் 70 பாகைச் சாய்வில் முன்னும் பின்னும் ஒலி செலுத்தும் படிகங்களும் பயன்படுத்தப்படுகின்றன. இந்தியாவில் கையால் தள்ளப்படும் தள்ளுவண்டிக் கருவிகளே இச்சோதனையின் முதுகெலும்பாக இருந்து வந்துள்ளன. ஒரு தடப் பகுதியை எத்தனை காலத்துக்கு ஒருமுறை சோதிப்பது என்பது அதன் மீது செல்லும் மொத்தச் சுமையைக் கொண்டு வகுக்கப்படுகிறது. கண்டறியப்பட்ட குறை, உடனே அகற்றத்தக்கது அல்லது கண்காணிக்கத்தக்கது என வகைப்படுத்தப்படும். முதல் வகையாயின் அவ்விடத்தில் ரயிலின் வேகம் கட்டுப்படுத்தப்பட்டு, பிஷ்பிளேட் எனப்படும் இணைப்புத் தகடு பொருத்தப்பட்டு, தண்டவாளத் துண்டு மாற்றப்படும் வரை காவல் நீடிக்கிறது.

மனித உழைப்பின் எல்லை

இம்முறையின் வலிமையும் மெலிவும் கருவியை இயக்குபவரிடமே உள்ளன. அவர் நாள்தோறும் பல கிலோமீட்டர் நடந்து, திரையில் தோன்றி மறையும் எதிரொலிகளைக் கவனிக்கிறார். பிஷ்பிளேட் துளை, பற்றவைப்பின் விளிம்பு, மேற்பரப்பின் தேய்மானம் ஆகிய குறையற்ற பொருள்களும் எதிரொலி தருகின்றன. ஆயிரம் எதிரொலிகளுள் ஒன்றே ஐயத்துக்குரியதாக இருக்கலாம். வெயிலிலும் களைப்பிலும் அந்த ஒன்று கவனத்திலிருந்து நழுவுவது இயல்பு. இதனை ஊழியரின் குறைபாடு எனக் கொள்வதைவிட, வேலையின் அமைப்பிலுள்ள குறைபாடு எனக் கொள்வதே பொருத்தம்.

எதிரொலிகளை அவ்வப்போது திரையில் காட்டிவிட்டு மறக்கும் பழைய கருவிகளுக்கு மாறாக, அவற்றைத் தண்டவாளத்தின் நீள்வெட்டுப் படமாகப் பதிவு செய்யும் கருவிகள் இன்று வந்துள்ளன. இம்மாற்றம் மிக முக்கியமானது. பதிவு இருந்தால் ஒரே இடத்தைச் சென்ற ஆண்டின் படத்தோடு ஒப்பிடலாம். வேறொருவர் மீண்டும் பார்க்கலாம். விபத்து நிகழ்ந்தால் எது தெரிந்திருந்தது, எது தெரியவில்லை என்பதை ஆராயலாம். செயற்கை நுண்ணறிவுக்கு இடமளித்ததும் இப்பதிவே.

இயந்திரம் கற்கும் முறை

செயற்கை நுண்ணறிவு என்னும் சொல் வியப்பை உண்டாக்கினாலும், இத்துறையில் அதன் செயல் தெளிவானது. வல்லுநர்கள் பார்த்து, இது குறை, இது துளை, இது பற்றவைப்பு என்று பெயரிட்ட ஆயிரக்கணக்கான படங்கள் கணினிக்கு அளிக்கப்படுகின்றன. கணினி ஒவ்வொரு படத்துக்கும் தானே ஒரு விடையைக் கூறி, வல்லுநரின் விடையோடு ஒப்பிட்டு, வேறுபாடு குறையும் வகையில் தன் உட்கணக்குகளைத் திருத்திக்கொள்கிறது. இது பல்லாயிரம் முறை நிகழ்ந்த பின்னர், முன்பு பாராத படத்துக்கும் அது விடை கூறத் தொடங்குகிறது. விடை ஆம், இல்லை என்ற வடிவில் வருவதில்லை. குறையாக இருக்கக்கூடிய வாய்ப்பு இவ்வளவு என்னும் ஓர் எண்ணாகவே வருகிறது. எந்த எண்ணுக்கு மேல் எச்சரிக்கை எழுப்புவது என்பதை மனிதரே முடிவு செய்ய வேண்டும்.

இங்கு ஒரு தடை உண்டு. குறையற்ற படங்கள் கோடிக்கணக்கில் கிடைக்கும்; உண்மைக் குறையின் படங்கள் அரிதாகவே கிடைக்கும். நன்கு பேணப்படும் பாதையில் அவை இன்னும் அரிது. எனவே, செயற்கையாகத் துளையிட்ட மாதிரித் துண்டுகளின் படங்களையும், பாதையிலிருந்து அகற்றப்பட்ட பழுதுற்ற தண்டவாளங்களின் படங்களையும் சேர்த்துப் பயிற்சியளிக்க வேண்டியுள்ளது. அகற்றப்பட்ட ஒவ்வொரு துண்டும் வெட்டிப் பார்க்கப்பட்டு, உள்ளே இருந்த குறையின் உண்மை அளவு பதியப்பட்டால், அது இயந்திரத்துக்குப் பாடநூலாகும். அவ்வாறு பதியாமல் பழைய இரும்பாக விற்கப்பட்டால், அத்துண்டோடு அறிவும் போய்விடும்.

எண்களின் பாடம்

மாணவர்கள் குறிப்பாக அறிய வேண்டியது, இத்தகைய கருவிகளின் திறனை எவ்வாறு அளப்பது என்பதாகும். கற்பனையான ஒரு கணக்கைக் கொள்வோம். ஒரு பிரிவில் 20,000 பற்றவைப்புகள் உள்ளன. அவற்றுள் உண்மையில் குறையுள்ளவை 20. எதையும் ஆராயாமல், எல்லாம் நன்று என்று கூறும் கருவியும் 19,980 இடங்களில் சரியான விடையே தரும். அதன் துல்லியம் 99.9 விழுக்காடு, அதன் பயனோ சுழி. ஆகவே 99 விழுக்காடு துல்லியம் என்னும் விளம்பரம் மட்டும் எதையும் மெய்ப்பிக்காது.

இனி, குறையுள்ள பத்தில் ஒன்பதைக் கண்டுபிடித்து, குறையற்றவற்றுள் நூற்றுக்கு இரண்டில் மட்டும் தவறாக எச்சரிக்கும் நல்ல கருவி ஒன்றைக் கொள்வோம். அது 20 குறைகளில் 18ஐப் பிடிக்கும். குறையற்ற 19,980இல் ஏறத்தாழ 400 இடங்களில் வீண் எச்சரிக்கை எழுப்பும். மொத்த எச்சரிக்கைகள் 418. அவற்றுள் உண்மையானவை 18. அதாவது 23 எச்சரிக்கைகளில் ஒன்றே மெய். நாளொன்றுக்கு 20 இடங்களை மறுசோதனை செய்யக்கூடிய குழு இருப்பின், வேலை முடிய 21 நாள்கள் ஆகும்.

எஞ்சிய இரு குறைகளில் ஒன்றையும் பிடிக்க விரும்பி எச்சரிக்கை எல்லையைத் தாழ்த்துவோமாயின், வீண் எச்சரிக்கை நூற்றுக்கு ஐந்தாக உயரக்கூடும். அப்போது பிடிபடும் குறைகள் 19. வீண் எச்சரிக்கைகள் சுமார் 1,000. மறுசோதனைக்கு 51 நாள்கள். ஒரு குறையைக் கூடுதலாகப் பிடிக்க 600 இடங்களைக் கூடுதலாகச் சோதிக்க வேண்டும். அது மட்டுமன்று. வரிசையின் இறுதியில் நிற்கும் உண்மைக் குறை, முன்பு 21 நாள் காத்திருந்தது போய், 51 நாள் காத்திருக்க நேரும். கூடுதலாகக் கண்டறிதலே சில வேளைகளில் ஆபத்தை நீட்டிக்கும் என்பது இக்கணக்கின் பாடம். எச்சரிக்கைகளை வந்த வரிசையில் அன்றி, வாய்ப்பின் அளவையும் அத்தடத்தின் சுமையையும் கொண்டு வரிசைப்படுத்த வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படுகிறது.

இன்னொன்றும் கருதத்தக்கது. பத்தில் ஒன்றைத் தவறவிடும் கருவியால் இருமுறை சோதித்தால், நூற்றில் ஒன்று மட்டுமே தவறும் என்று கருதுவது பிழை. இரு சோதனைகளும் ஒன்றையொன்று சாராதிருந்தால் மட்டுமே அக்கணக்கு பொருந்தும். முதல் முறை மெலிந்த எதிரொலி தந்த வெடிப்பு, அதே கருவிக்கு இரண்டாம் முறையும் மெலிந்த எதிரொலியே தரும். வேறுபட்ட முறை ஒன்றைச் சேர்ப்பதே உண்மையான பாதுகாப்பாகும்.

உணரிக்கு எட்டாதவை

இயந்திரம் எவ்வளவு கூர்மையாகக் கற்றிருப்பினும், திரும்பி வராத எதிரொலியை அதனால் படிக்க இயலாது. தண்டவாளத் தலையின் மேற்பரப்பில் நுண்வெடிப்புகள் நெருக்கமாக இருந்தால், அவை ஒலியைத் தடுத்து, கீழேயுள்ள பெரிய வெடிப்பை மறைத்துவிடும். மேலிருந்து செலுத்தப்படும் ஒலி தலை வழியாகவும் நடுத்தண்டு வழியாகவும் செல்லுமேயன்றி, அடிப்பகுதியின் இரு பக்க விளிம்புகளை எட்டாது. கடலோரங்களில் உப்புக் காற்றினால் துரு பிடிப்பது பெரும்பாலும் இவ்வடிப்பகுதியிலேயே ஆகும். படிகத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே நீர்ப் படலம் விட்டுப்போனால் ஒலி உள்ளே செல்வதே இல்லை. இவ்விடங்களைக் குறையற்றவை என்று குறிப்பது பிழை. சோதிக்கப்படாதவை என்றே குறித்தல் வேண்டும். இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டாத எந்த அறிக்கையும் அதிகாரிக்குப் பொய்யான மனநிறைவையே தரும்.

இக்காரணத்தால், நாள்தோறும் தம் பகுதியில் நடந்து, தளர்ந்த பிணைப்புகளை இறுக்கி, தண்டவாளத்தைக் கூர்ந்து நோக்கும் கீமேனின் பணி இன்றும் இன்றியமையாததாக உள்ளது. அவர் பார்ப்பதை இயந்திரம் பார்ப்பதில்லை. இயந்திரம் கேட்பதை அவர் கேட்பதில்லை.

கண்டறிந்த பின்னர்

2000ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் பிரிட்டனில் ஹேட்பீல்டு என்னுமிடத்தில் விரைவு ரயில் ஒன்று தடம் புரண்டு நால்வர் இறந்தனர். வளைவிலிருந்த தண்டவாளம் முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியிருந்தது. இங்குக் கருதத்தக்கது யாதெனில், அக்குறை மறைந்திருக்கவில்லை என்பதே. அத்தண்டவாளத்தின் விளிம்பில் வெடிப்புகள் இருப்பது விபத்துக்கு முன்பே அறியப்பட்டிருந்தது. மாற்றுத் தண்டவாளமும் சில மாதங்களுக்கு முன்பே கொண்டுவரப்பட்டு, பாதையோரத்தில் கிடந்தது. அதனைப் பொருத்தும் வேலை மட்டும் நடைபெறவில்லை.

விபத்தைத் தொடர்ந்து, இதுபோன்ற வெடிப்புகள் வேறு எங்கெங்கு உள்ளன என்பதற்குத் தெளிவான பதிவு இல்லாத காரணத்தால், நாடு முழுவதும் 1,200க்கும் மேற்பட்ட இடங்களில் வேகக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. ரயில் போக்குவரத்து மாதக்கணக்கில் சீர்குலைந்தது. இருப்புப் பாதைகளுக்கு உரிமை பெற்றிருந்த ரெயில்டிராக் நிறுவனம் ஓராண்டுக்குள் நொடிப்பு நிர்வாகத்தின் கீழ் வந்தது. அறிந்தும் செயற்படாமையின் விலையும், எங்கே குறை என்று அறியாமையின் விலையும் ஒரே நிகழ்ச்சியில் வெளிப்பட்டன.

இந்தியச் சூழலும் இதே கேள்வியை எழுப்புகிறது. ரயில்கள் தடம் புரளல் குறித்து இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் அளித்த அறிக்கை 2022ஆம் ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2017–18 முதல் 2020–21 வரையிலான காலத்தை ஆராய்ந்த அவ்வறிக்கை, 422 தடம் புரளல்களைப் பொறியியல் துறையின் பொறுப்பில் அடங்குவனவாகக் கண்டது. அவற்றுள் 171 பாதைப் பராமரிப்பு தொடர்பானவை. பாதையின் வடிவமைப்பை அளக்கும் பதிவு வண்டிகளின் ஆய்வுகளில் 30 முதல் 100 விழுக்காடு வரை குறைவு இருந்ததையும் அது சுட்டியது. பதிவு வண்டி அளப்பது தடத்தின் அகலம், மட்டம் போன்றவற்றையே. எஃகின் உள்வெடிப்பை அன்று. எனினும் பாடம் பொதுவானது. ஓடாத வண்டியின் பதிவை எந்த நுண்ணறிவும் பகுத்தறிய முடியாது.

நிதி ஒதுக்கீட்டில் முன்னேற்றம் இல்லாமல் இல்லை. அனில் ககோட்கர் தலைமையிலான உயர்மட்டப் பாதுகாப்புக் குழு 2012இல் அளித்த அறிக்கை, பாதுகாப்புப் பணிகளுக்கு ஐந்தாண்டுகளில் சுமார் ஒரு லட்சம் கோடி ரூபாய் தேவை என மதிப்பிட்டது. 2017–18இல் ஐந்தாண்டுகளுக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய் கொண்ட தேசிய ரயில் பாதுகாப்பு நிதியம் தொடங்கப்பட்டது. ரயில்வே அமைச்சகத்தின் கணக்குப்படி, கடும் விளைவுகள் கொண்ட ரயில் விபத்துகள் 2014–15இல் 135 ஆக இருந்தன. 2024–25இல் 31 ஆகக் குறைந்தன. எனினும் பணம் மட்டும் தண்டவாளத்தை மாற்றிவிடுவதில்லை. அதற்கு ரயில்களை நிறுத்தி, பிளாக் எனப்படும் பாதை அடைப்பு நேரம் ஒதுக்கப்பட வேண்டும். போக்குவரத்து நெருக்கடி மிகுந்த தடங்களில் இந்நேரமே மிகப் பற்றாக்குறையான வளமாகும். பராமரிப்புக்கு விடும் ஒவ்வொரு மணி நேரமும் சரக்குக் கட்டண இழப்பாகக் கணக்கில் உடனே தோன்றுகிறது. நிகழாமற்போன விபத்தின் ஆதாயமோ எந்தக் கணக்கேட்டிலும் தோன்றுவதில்லை. பராமரிப்புக்குரிய நேரம் எப்போதும் முதலில் வெட்டப்படுவதன் பொருளாதாரக் காரணம் இதுவேயாகும்.

மேற்கொள்ளத்தக்க வழிகள்

இவற்றைக் கருதும்போது சில நெறிகள் தெளிவாகின்றன. முதலாவதாக, கண்டறியும் திறனும் களையும் திறனும் ஒருங்கே திட்டமிடப்பட வேண்டும். புதிய கருவி ஒரு பிரிவில் புகுத்தப்படும்போது, அது எழுப்பக்கூடிய எச்சரிக்கைகளின் எண்ணிக்கை முன்கூட்டியே மதிப்பிடப்பட்டு, அதற்கேற்ப மறுசோதனைக் குழுக்கள், மாற்றுத் தண்டவாளங்கள், அடைப்பு நேரம் ஆகியன ஒதுக்கப்படுதல் நன்று.

இரண்டாவதாக, எச்சரிக்கை எல்லையை வகுப்பது பொதுக்கொள்கை சார்ந்த முடிவாகும். அதனைக் கருவி விற்கும் நிறுவனத்திடம் விட்டுவிடலாகாது. எத்தனை வீண் எச்சரிக்கைகளுக்கு ஈடாக எத்தனை குறைகளைத் தவறவிட நேரும் என்பது எழுத்தில் கூறப்பட்டு, பொறுப்புள்ள அதிகாரியால் ஒப்புக்கொள்ளப்பட வேண்டும். ரயில் விபத்துகளை விசாரிக்கும் பாதுகாப்பு ஆணையர் அமைப்பு ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லாமல், விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் நிர்வாகத்தில் வைக்கப்பட்டுள்ளது. நடத்துபவர் வேறு, ஆராய்பவர் வேறு என்னும் அந்நெறி இக்கருவிகளைச் சோதிப்பதிலும் பின்பற்றத்தக்கது. குறை இருக்கும் இடம் சோதிப்பவருக்கு மட்டுமே தெரிந்த தடத் துண்டுகளில் கருவியை ஓட்டிப் பார்ப்பதே நேர்மையான தேர்வாகும்.

மூன்றாவதாக, பதிவுகள் துறையின் பொதுச் சொத்தாக இருத்தல் வேண்டும். ஒரு மண்டலத்தில் கற்ற இயந்திரம் வேறு மண்டலத்தின் தட்பவெப்பத்திலும் தேய்மானத்திலும் தடுமாறக்கூடும். எல்லா மண்டலங்களின் பதிவுகளும், வெட்டிப் பார்த்த முடிவுகளும் ஒரே வடிவில் தொகுக்கப்பட்டால் மட்டுமே இக்குறை நீங்கும்.

நான்காவதாக, குறையைத் தேடுவதற்கு முன்பே குறை பிறக்கும் இடங்களைக் குறைப்பது சிக்கனமானது. 13 மீட்டர் நீளத் தண்டவாளங்கள் இருபதைச் சேர்த்து 260 மீட்டர் தொகுதி அமைத்தால் 19 பற்றவைப்புகள் தேவை. பிலாய் உருக்காலையில் உருட்டப்படும் 130 மீட்டர் தண்டவாளங்கள் இரண்டைச் சேர்த்தால் ஒன்றே போதும். மீதி 18 இடங்களில் தேட வேண்டிய குறையே இல்லை.

ஐந்தாவதாக, எச்சரிக்கை எழுப்பிய இயந்திரத்தை மறுத்து, நேரில் ஆராய்ந்து முடிவு கூறும் ஊழியருக்கும், இயந்திரம் நன்று என்று கூறிய இடத்தில் ஐயம் எழுப்பும் ஊழியருக்கும் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும். வீண் எச்சரிக்கைக்காகத் தண்டிக்கப்படும் ஊழியர் நாளடைவில் உண்மைக் குறையைக் கண்டும் வாய் திறக்கத் தயங்குவார். அவ்வாறாயின் துறை தன் கண்களைத் தானே மூடிக்கொண்டதாகும்.

முடிவுரை

செயற்கை நுண்ணறிவு பயனற்றது என்பதோ, அதுவே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பதோ பொருந்தாது. களைப்படையாமல் கோடிக்கணக்கான எதிரொலிகளைப் படித்து, மனிதர் உற்று நோக்க வேண்டிய சில நூறு இடங்களைச் சுட்டிக்காட்டுவது அதன் பணி. அப்பணியை அது செவ்வனே செய்யும். ஆனால் சுட்டப்பட்ட இடத்துக்குச் சென்று பார்க்க ஆள் வேண்டும். மாற்றுவதற்குத் தண்டவாளம் வேண்டும். மாற்றும் வரை ரயிலை மெதுவாக ஓட்டவும், மாற்றும்போது நிறுத்தவும் நிர்வாகத்துக்கு உறுதி வேண்டும். இம்மூன்றும் இல்லாத இடத்தில் கருவியின் அறிக்கை, விபத்துக்குப் பின்னர் விசாரணையில் வாசிக்கப்படும் ஆவணமாகவே முடியும். இம்மூன்றும் உள்ள இடத்தில், முறியக்கூடிய தண்டவாளம் முறியும் முன் மாற்றப்படும். அவ்விரவில் அத்தடத்தைக் கடக்கும் பயணி எதையும் அறியாமல் உறங்கிச் செல்வார். பாதையைப் பேணும் பணிக்கு இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை.